பல்கனியில் பல்லாண்டுப் பூச்செடி: எதைத் தெரிவது, எந்தச் சாடியில் வைப்பது?

கொழும்பில் தொடர்மாடிக்குக் குடிவந்தவர்கள் பூக்கன்று வாங்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பத்தரமுல்லை தியத உயனப் பக்கம் போவார்கள். பூத்து நிற்கும் சாடிகளில் ரோசா ஒன்று, செவ்வரத்தை ஒன்று, அந்தூரியம் ஒன்று, கடதாசிப்பூ ஒன்று, ஓக்கிட் ஒன்று என்று வகைக்கொன்றாய் எடுத்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ திரும்புவார்கள். அந்த ஐந்தும் ஒரே பல்கனியில் சேர்ந்து வாழ வழியில்லை. கடதாசிப்பூவுக்குச் சுடுகிற வெயில் வேண்டும். அந்த வெயிலில் அந்தூரிய இலை கருகும். செவ்வரத்தைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அதே தண்ணீரைக் கடதாசிப்பூவுக்கு ஊற்றினால் இலை மட்டும் தழைக்கும். ரோசாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதன் கதை தனி.

கடைக்குப் போகுமுன் பல்கனியில் நின்று மூன்று கேள்விகளுக்குப் பதில் கண்டுகொள்வது நல்லது. வெயில் எந்தப் பக்கத்தால், எத்தனை மணி நேரம் விழுகிறது? மழைச் சாரல் சாடி வைக்கும் இடம்வரை எட்டுகிறதா? பூ எதற்கு, சாமிக்கா, கண்ணுக்கா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் செடியின் பெயர் தானாக வந்துவிடும். சாடி, மண், பசளை எல்லாம் அதற்குப் பிறகு.

இணையத்தில் சாடித் தோட்டம் பற்றிக் கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரருடையவை. அங்கே பல ஆண்டு வாழும் பூச்செடி மாரிகாலத்தில் மேலெல்லாம் பட்டு, வேர் மட்டும் உறங்கி, வசந்தத்தில் மறுபடி முளைக்கும். அவர்களுடைய கவலை, சாடி மண் உறைந்து வேர் செத்துவிடுமே என்பது. நமக்கு உறக்கமே இல்லை. கொழும்பின் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகையை விட்டு அதிகம் நகர்வதில்லை. செடி பன்னிரண்டு மாதமும் வளர்கிறது, பன்னிரண்டு மாதமும் சாப்பிடுகிறது, ஓரிரு வருடத்தில் சாடியை வேரால் நிரப்பிவிடுகிறது. மழையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் ஏப்ரல், மே, ஒக்டோபர், நவம்பர் என்ற நான்கு மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. இங்கே சாடிச் செடிகள் அதிகமும் சாவது தண்ணீர் போதாமல் அல்ல, வேர் அழுகித்தான்.

எந்தத் திசைப் பல்கனி?

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு வாரம் முன்பாகச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்; அதன் பிறகு செப்டெம்பர் முதல் வாரம்வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்தால் வரும். மிச்ச ஏழு மாதமும் தெற்குப் பக்கத்தால். இதை வாடகை வீடு பார்க்கும்போது ஒருவரும் கவனிப்பதில்லை. ஆனால் பூச்செடியின் தலைவிதி இதில்தான் இருக்கிறது.

ஜூன் மாதத்து உச்சி வெயில் வடக்கே 16 பாகை அளவுதான் சாயும். மேல்வீட்டுக் கொங்கிரீற்றுத் தட்டு பல்கனித் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் இருந்தால், வெயில் பல்கனியின் விளிம்பிலிருந்து இரண்டரை அடிகூட உள்ளே வராது. அதுவும் தென்மேல் பருவக்காற்றில் முகில் மூடிக் கிடக்கும் மாதங்கள். டிசெம்பரில் சூரியன் தெற்கே 30 பாகை சாய்கிறது. அதே உயரத் தட்டுக்குக் கீழே வெயில் நாலரை அடி உள்ளே வரும். அடுத்து வரும் ஜனவரியும் பெப்ரவரியும் கொழும்பின் வறண்ட, வெளித்த மாதங்கள். அதனால் தெற்குப் பல்கனிக்கு நல்ல வெயில் உண்டு, வடக்குப் பல்கனிக்குப் பெயருக்குத்தான். வடக்குப் பக்கம் வீடு எடுத்தவர் பூக்கிற கடதாசிப்பூவை மறந்துவிட்டு அந்தூரியத்தின் பக்கம் திரும்புவது காசுக்கும் மனதுக்கும் நல்லது.

கிழக்குப் பக்கம்தான் எல்லாவற்றிலும் வசதி. காலை வெயில் பத்து, பதினொரு மணிவரை கிடைக்கும்; பிறகு நிழல். பெரும்பாலான பூச்செடிகளுக்கு இது போதும். மேற்குப் பக்கம் பின்னேர வெயில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் மேற்கு என்றால் கடல் என்றும் அர்த்தம். மரைன் டிரைவ் ஓரத்து மாடிகளில் மே முதல் செப்டெம்பர்வரை உப்புக் காற்று நேரே முகத்தில் அடிக்கும். மெல்லிய இலைச் செடிகளின் இலை நுனி பழுப்பாகிக் காய்வது அதனால்தான். தண்ணீர் ஊற்றுவதைக் கூட்டினால் அது மாறாது.

நல்ல வெயிலும் உப்புக் காற்றும்: கடதாசிப்பூவா, செவ்வரத்தையா?

நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் விழுகிற இடத்துக்கு இந்த இரண்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டும் வருடக்கணக்கில் நிற்கும், இரண்டும் வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆனால் சுபாவம் முழுக்க வேறு.

கடதாசிப்பூவுக்குச் சாடி இறுக்கமாக இருந்தால்தான் பூக்க மனம் வரும். பெரிய சாடியில் வைத்து, நல்ல பசளை போட்டு, தினமும் தண்ணீர் விட்டால் அது கொடியாய் ஓடி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, கீழ்வீட்டுக்காரரின் யன்னலை எட்டிப் பார்க்கும். பூ மட்டும் வராது. மண்ணின் மேல் பகுதி நன்றாகக் காய்ந்து, இலை இலேசாகத் தொய்யத் தொடங்கும்போது தண்ணீர் விட வேண்டும். அப்படிப் பட்டினி போட்டால் ஜனவரி முதல் மார்ச்வரை கிளை தெரியாமல் பூக்கும். நிறமாய்த் தெரிவது பூவின் இதழ் அல்ல, பூவைச் சுற்றிய சிற்றிலைகள். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. சிற்றிலைகள் கடதாசி மாதிரி உலர்ந்தே நிற்பதால் காட்சி பல வாரம் நீடிக்கும். மழை மாதங்களில் இதற்கு ஒரே ஒரு உதவி செய்யலாம்: மேல்தட்டுக்குக் கீழே, சாரல் எட்டாத இடத்துக்குச் சாடியைத் தள்ளி வைப்பது. தண்ணீர் நம் கையில் இருந்தால் ஜூலையிலும் ஒரு சுற்றுப் பூ வாங்கலாம். மொட்டை மாடியில் திறந்தவெளியில் வைத்தவருக்கு அந்த வசதி இல்லை, மே மாதத்தில் பச்சை மட்டும்தான்.

செவ்வரத்தை நேர்மாறு. பூ ஒரு நாள்தான் இருக்கும், ஆனால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கிளையில் பூ இருக்கும். அது புதுத் தளிரில் பூப்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிவிட வேண்டும். வெயிலில் தினமும் தண்ணீர் கேட்கும்; பெரிய சாடி கேட்கும்; பசளையும் கேட்கும். அதோடு வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும் மாப்பூச்சி. அதற்கு ஏறக்குறைய எல்லாச் செவ்வரத்தையும் ஒருநாள் இரையாகும். எறும்பு தண்டில் ஏறி இறங்கத் தொடங்கினால் பூச்சி வந்துவிட்டது என்று கொள்ளலாம், அதன் இனிப்புக் கழிவுக்காகத்தான் எறும்பு வருகிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, மோசமான கிளையை வெட்டி எறிந்தால் அடங்கும். விட்டால் பக்கத்துச் சாடிகளுக்கும் போகும்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. காலையில் சாமிப் படத்துக்கு வைக்க ஒரு பூ வேண்டும் என்றால் கடதாசிப்பூவால் பயனில்லை, எங்கள் வீடுகளில் அதைச் சாமிக்கு வைக்கும் வழக்கமில்லை. பிள்ளையாருக்கும் அம்பாளுக்கும் சிவப்புச் செவ்வரத்தைக்கு மேல் என்ன? பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில் வாசலிலோ செட்டியார் தெருவிலோ பூ வாங்கிப் பழகியவருக்கு, விடிய எழும்பி இரண்டு பூவை வீட்டிலேயே பறிக்கும் சுகம் தெரிந்தால் மாப்பூச்சியைப் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத்தான் பூ, அதுவும் வேலைக்குப் போகிற வீடு, தண்ணீர் விடுவதே இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றால், சந்தேகமே வேண்டாம், கடதாசிப்பூ.

உப்புக் காற்று நேரே விழும் இடத்திலும் கடதாசிப்பூதான் தாங்கும். அதற்குத் துணையாக மடகஸ்காரிலிருந்து வந்த, கிறிஸ்துவின் முள்முடி என்று சொல்லப்படும் முட்செடியை வைக்கலாம். அழகி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டு முழுவதும் பூக்கும், உப்புக்கும் வெயிலுக்கும் அசையாது. அலரியும் கடற்கரைக்கு ஏற்றதுதான், இருந்தாலும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். முழுச் செடியும் நஞ்சு. அடீனியம் இப்போது எல்லோரும் ஆசைப்படுகிற ஒன்று: பருத்த அடி, பெரிய ரோசா நிறப் பூ. வறண்ட ஆபிரிக்க, அரேபிய நிலத்துச் செடிக்குக் கொழும்பு மழை விரோதி. கூரைக்குக் கீழே வெயில் விழும் இடம் இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் அடுத்த மழையில் அடிக்கிழங்கு கையில் கூழாகும். இதன் பாலும் நஞ்சுதான்.

அரை வெயில்: இங்கேதான் தெரிவு அதிகம்

கிழக்குப் பல்கனிக்காரர்களிடம் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதைச் சொல்வாய் என்று கேட்டால், நந்தியாவட்டை என்பேன். கடையில் அதற்கு மவுசு இல்லை, ஓரமாய் நிற்கும், விலையும் குறைவு. இரண்டு மூன்று மணி வெயிலிலும் பூக்கும். நோய் நொடி குறைவு. கரும்பச்சை இலை பூ இல்லாத நாளிலும் பார்க்க நன்றாக இருக்கும். ஒற்றை இதழ், அடுக்கு என இரண்டு வகை உண்டு. சாடிக்கு ஒற்றைதான் ஓயாமல் பூக்கிறது என்பது என் கணிப்பு, அடுக்கு இரவில் இலேசாய் மணக்கும். வெள்ளைப் பூ, சிவனுக்கும் ஆகும். கிளையை முறித்தால் வரும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எக்சோரா என்று நாம் சொல்லும் வெட்சி இந்த மண்ணுக்கே உரியது; தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் பிறப்பிடம். கொத்துக் கொத்தாய்ப் பூக்கும், மழையைத் தாங்கும். அதற்குப் பிடிக்காதது சுண்ணாம்பு. சீமெந்துச் சாடியில் வைத்தால் சாடிச் சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைத்து, வேர் இரும்புச் சத்தை எடுக்க விடாமல் செய்யும். இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். அதைக் கண்டு பசளை போட்டுக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாடியை மாற்றினால் போதும்.

மல்லிகைக்கு அரை வெயில் போதாது. ஐந்து மணி நேரமாவது வேண்டும், அதுவும் வறண்ட காலத்து வெயில். யாழ்ப்பாணத்து முற்றத்து மல்லிகையை நினைத்துக்கொண்டு கொழும்பில் சாடியில் வைப்பவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களில் நல்ல பூ கிடைக்கும். மழை தொடங்கியதும் கொடியாய்த்தான் நீளும். ஒவ்வொரு முறை பூத்து முடிந்ததும் பாதியாய் வெட்டிவிட்டால் அடுத்த சுற்று வரும். மணத்துக்காக வைப்பதென்றால் இந்தக் குறையைப் பொறுக்கலாம். மாலை கட்டவோ தலைக்கு வைக்கவோ ஒரு சாடி காணாது.

கனகாம்பரத்துக்கு மணமில்லை, ஆனால் அரை நிழலில் மாதக்கணக்கில் பூக்கும். பறித்த பூவும் நாலைந்து நாள் வாடாது. பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணி, புதிதாய்த் தொடங்குகிறவருக்கு எல்லோரும் சொல்லும் செடி. மடகஸ்காரிலிருந்து வந்து உலகெங்கும் பரவிய அதன் இலையிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கண்டெடுக்கப்பட்டது. வெயிலில் சளைக்காமல் பூக்கும். கொழும்பில் அதன் எதிரி தொடர் மழை: வேரும் தண்டும் கறுத்து, நேற்று நன்றாய் நின்ற செடி இன்று தலை தொங்கும். அதனால் மழைக்கு முன்பே இரண்டு கிளையை முறித்து உள்ளே ஒரு சின்னச் சாடியில் ஊன்றி வைப்பது புத்தி. பல ஆண்டுச் செடி என்று பெயர், சாடியில் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

வெயிலே இல்லாத பக்கம்

அந்தூரியம் கொலம்பியா, ஈக்குவடோர் மழைக்காட்டுச் செடி. மரநிழல், ஈரக் காற்று, வேருக்குக் காற்றோட்டம் மூன்றும் இருந்தால் போதும். கொழும்பின் புழுக்கம் நமக்கு எரிச்சல், அதற்குச் சொர்க்கம். ஒரு பூ பல வாரம் நிற்கும். ஒவ்வொரு புது இலைக்கும் ஒரு பூ என்ற கணக்கில் வருவதால், இலை வளர வளரப் பூவும் வரும். சாதாரண மண்ணில் வைப்பதுதான் இதைக் கொல்லும் சுருக்கு வழி. செங்கட்டித் துண்டு, மரக்கரி, தேங்காய்ப் பொச்சுத் துண்டு, கொஞ்சம் கூட்டெரு கலந்து வைத்தால் தண்ணீர் ஊற்றிய கையோடு வடிந்துவிடும், ஈரம் மட்டும் தங்கும்.

ஓக்கிட்டை நிழல் செடி என்று நினைப்பது பாதிதான் சரி. டென்ட்ரோபியம் என்ற ஓக்கிட் வகைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், காலை வெயில் பட்டால் இன்னும் நல்லது. இருட்டு மூலையில் தொங்கவிட்டால் இலை கரும்பச்சையாய்ச் செழித்து நிற்கும், பூக்காது. கொழும்புக்கு டென்ட்ரோபியம் ஏற்றது, வன்டா என்ற வகையும் சரி. பரிசாய் வாங்கிக் கொடுக்கிறார்களே, அகன்ற இதழோடு வளைந்த தண்டில் வரிசையாய்ப் பூத்த ஃபலனொப்சிஸ், அது வேறு சங்கதி. புதுப் பூந்தண்டு விடுவதற்கு அதற்குச் சில வாரம் குளிர்ச்சியான இரவுகள் தேவை. கொழும்பில் இரவுகூட அந்தளவுக்குக் குளிர்வது அரிது. முதல் பூ மூன்று மாதம் நிற்கும். மறு பூவுக்குக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிச்சம். விலையைப் பார்த்தால் அது பல ஆண்டுச் செடி அல்ல, விலை கூடிய பூங்கொத்து.

இரண்டையும் எடைபோட்டால், கவனிக்க நேரமில்லாத வீட்டுக்கு அந்தூரியம். செடியோடு மெனக்கெடுவதில் சந்தோசம் காண்பவருக்கு டென்ட்ரோபியம். வாரத்துக்கு ஒருமுறை மிகக் குறைந்த அளவில் கரைத்த பசளை, அடிக்கடி தண்ணீர் தெளிப்பு, வேரில் காற்று என்று அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். வெசாக் மலர் என்று அறியப்படும் இலங்கைக்கே உரிய டென்ட்ரோபிய இனத்தைக் காட்டில் பிடுங்கி வந்து விற்பவரிடம் வாங்கக் கூடாது. அது சட்டத்தால் காக்கப்பட்ட செடி.

மலைநாட்டுச் சாடிகள்

நுவரெலியாவுக்குப் போனவர் ஹக்கலப் பூங்காவைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்புவதில்லை. ரோசா, ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியா என்று வான் வண்டியின் பின்பக்கம் நிறைந்துவிடும். அந்தச் செடிகள் வளர்ந்தது கடல்மட்டத்திலிருந்து 1,700 மீற்றருக்கு மேலே. ஹைட்ரேஞ்சியா மொட்டுக் கட்டக் குளிர் வேண்டும். கொழும்பில் வந்த பூ வாடியதும் இனி இலைச்செடிதான். ஜெரேனியம் முதல் பெருமழையில் அழுகும்.

ரோசா சாகாது, அதுதான் அதன் சோகம். இலையில் கரும்புள்ளி விழும், உதிரும், துளிர்க்கும், மறுபடி விழும். வருடத்துக்குப் பத்துப் பூவுக்காக மாதம் இரண்டு முறை மருந்து தெளிக்க வேண்டியிருக்கும். கொழும்பில் தாங்குவது சின்னப் பூவாய்க் கொத்தாய்ப் பூக்கும் நாட்டு வகைகள்தான். காலை வெயிலும் நல்ல காற்றோட்டமும் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கலாம். பெரிய, நீண்ட தண்டு ரோசாவை வாங்குகிறவர் அதைப் பூச்சாடியில் அல்ல, பூக்கிண்ணத்தில் பார்ப்பதே மேல்.

சாடிகள்

கடையில் முதலில் சொல்லும் வார்த்தை, "சீமெந்துச் சாடி எடுங்கோ அக்கா, காலத்துக்கும் நிக்கும்." நிற்கும்தான். தூக்க ஆள் வேண்டும். வாய் 12 அங்குலச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 15 லீற்றர் மண் பிடிக்கும். சாதாரணத் தோட்ட மண் நனைந்தால் அதுவே 25 கிலோவுக்கு வரும், சீமெந்தின் பாரம் அதற்கு மேலே. நாலாம் மாடிப் பல்கனியில் இப்படி ஏழெட்டு வைப்பது புத்தியான காரியமில்லை. கட்டட நிர்வாகக் குழுவும் சும்மா இருக்காது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர் அடுத்த வீட்டுக்கு மாறும்போது சீமெந்துச் சாடி பின்தங்கிவிடும், செடியும் அதோடு. சொந்த வீட்டு முற்றத்தில், வாசலில், காற்றில் சாய்ந்துவிடக் கூடிய உயரமான கடதாசிப்பூவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சாடியைச் சில வாரம் தண்ணீர் நிரப்பி ஊற்றி, சுண்ணாம்பைக் கழுவிய பிறகு நடுவது நல்லது. அப்படியும் எக்சோராவுக்கு வேண்டாம்.

மண்சாடிக்கு இந்த ஊரில் ஒரு பெரிய நன்மை உண்டு: அதன் சுவரே மூச்சுவிடும். தண்ணீர் கூடிப்போனாலும் பக்கங்களால் ஆவியாகும், வேர் குளிர்ச்சியாய் இருக்கும். தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியாத கை கொண்டவர்களுக்கு, அதாவது அம்மாமாருக்கு, இது காப்பு. கடதாசிப்பூ, அடீனியம், ஓக்கிட் மூன்றுக்கும் மண்சாடிதான் என் தெரிவு. கண்டி வீதியால் போனால் மொலகொடப் பக்கத்து மட்பாண்டக் கடைகளில் வாங்கலாம். மழைக்காலத்தில் வெளியே பாசி பிடிக்கும், கைதவறினால் உடையும், மேற்கு வெயிலில் செவ்வரத்தைக்கு அது போதாமல் ஒரே நாளில் மண் காயும்.

பிளாஸ்ரிக் சாடியை இளப்பமாய்ப் பார்ப்பதில் நியாயமில்லை. பாரம் குறைவு, ஈரம் தங்கும், செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் ஏற்றது, வீடு மாறும்போது ஓட்டோவில் போகும். மேற்கு வெயிலில் கறுப்புச் சாடி சூடேறி வேரை வேகவைக்கும், அதனால் வெள்ளை அல்லது இளநிறம் எடுக்க வேண்டும். அதைவிடச் சிக்கனமான தெரிவு 20 லீற்றர் பெயின்ற் வாளி. நன்றாகக் கழுவி, அடியில் விரலளவில் ஐந்தாறு துளை போட்டால் செவ்வரத்தைக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. கடையில் வாங்கும் சாடிகளிலும் துளை அடைத்தே இருக்கும், குத்தித் திறக்காமல் நட்டால் சாடியில்லை, தொட்டி.

அடியில் கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்று தலைமுறையாய் நம்புகிறோம். நடப்பது வேறு. மேலுள்ள பொடி மண் முழுக்க ஊறி நிறையும்வரை தண்ணீர் கீழுள்ள கல்லுக்கு இறங்காது. கல் போட்டால் அந்த ஊறிய சேற்றுப் பகுதி வேருக்கு இன்னும் கிட்ட வருகிறது, அவ்வளவுதான். துளையின் மேல் ஒரு துண்டு வலை போதும், மண் ஓடாது. வடிவது மண் கலவையின் கையில் இருக்கிறது. தும்புச்சோறு, கூட்டெரு, மணல் அல்லது உமிக்கரி என்று கலந்தால் தோட்ட மண்ணைவிடப் பாரம் பாதியாகும், மழையும் நிற்காது. கொழும்புச் சூட்டில் கூட்டெரு சீக்கிரம் உக்கி மண் தாழும்; வருடம் ஒருமுறை மேலே நிரப்ப வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, வேரின் வெளிவட்டத்தை வெட்டிப் புதிதாய் நட வேண்டும். மழை பசளையைக் கழுவிக்கொண்டே போவதால் ஒரேயடியாய்ப் போடாமல் மாதம் ஒருமுறை கொஞ்சமாய்.

சாடியின் கீழ்த்தட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டு வைக்காவிட்டால் தண்ணீர் கீழ்வீட்டுக்காரரின் காயப்போட்ட உடுப்பில் சொட்டும், சண்டை வரும். வைத்தால் நுளம்பு வரும். 2017 இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்குச் சந்தேகம் பதிவானது; கொழும்பு மாவட்டம் வழக்கமாக முன்னணியில். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வீட்டில் குடியிருப்பவர்தான் பொறுப்பு, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தட்டில் புழுவைக் கண்டால் வழக்குத்தான். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு ஆவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிடுவது மட்டும் காணாது, முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டை மணலால் நிரப்பிவிடுவது இன்னொரு வழி. அடியில் தண்ணீர் தேக்கி வைக்கும் தானியங்கிச் சாடிகள் இப்போது கடைகளில் வருகின்றன. மூடி இறுக்கமாய் இல்லாத எதையும் கொழும்பில் வாங்காதீர்கள்.

எத்தனை சாடி என்பதில் என் கருத்துப் பலருக்குப் பிடிப்பதில்லை. எட்டு அங்குலச் சாடி பத்தைவிடப் பதின்மூன்று, பதினாலு அங்குலச் சாடி மூன்று நல்லது. சின்னச் சாடி வெயிலில் பின்னேரத்துக்குள் காயும், மழையில் நிமிசத்தில் நிறையும். பெரிய சாடி இரண்டையும் கொஞ்சம் தாமதிக்கும். கழுவ வேண்டிய தட்டும் மூன்றுதான். கடதாசிப்பூ மட்டும் இதற்கு விலக்கு, அதற்கு இறுக்கம் வேண்டும் என்று மேலே சொன்னேன்.

கடைசியாக ஒன்றைக் கணக்கில் எடுக்காமல் கொழும்புத் தமிழ் வீட்டில் செடி தெரிவு செய்ய முடியாது. ஊருக்குப் போகும் காலம். நல்லூர்த் திருவிழா 25 நாள். முழுக்க இல்லாவிட்டாலும் கடைசிப் பத்து நாளுக்கு வீடு பூட்டித்தான் இருக்கும். ஓகஸ்ட் கொழும்பில் பெருமழைக் காலமுமல்ல. அந்தப் பத்து நாளைக் கடதாசிப்பூ, அடீனியம், முள்முடி மூன்றும் தனியாகவே கடக்கும். நிழலில் நிற்கும் அந்தூரியத்தை நன்றாக நனைத்து, சாடிகளை நெருக்கி வைத்துவிட்டுப் போனால் ஒரு வாரம் தாங்கும். பெரிய சாடி நந்தியாவட்டை வாடும், திரும்பி வந்து தண்ணீர் விட்டால் எழும்பும். செவ்வரத்தையும் மல்லிகையும் தாங்காது. அவற்றை வாங்குவதென்றால், திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய பக்கத்துவீட்டு அன்ரி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.